மூன்று ஊசித் துளைகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் என் மருமகனுடைய காரை சர்வீஸுக்கு விடப் பழைய ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தேன். மதுரை ரோட்டில் இருக்கும் அதே ஷெட்தான். எலக்ட்ரிக்கல் பக்கம் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் கடைசி சில வருடங்களில் என்னோடு வேலை பார்த்தவர்கள். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்.

"அண்ணே, இம்புட்டு வருஷ சர்வீஸ்ல உங்கள ரொம்ப ஆட்டி வெச்ச வண்டி எது?"

"சித்தையன்கோட்டை காதர் பாய் வண்டி" என்று ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. "எழுதித் தாரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த நால்வருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஞானசேகரன். ஐ.டி.ஐ. முடித்ததும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கடையில் ஆறு வருடம் லாரிகளுக்கு டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் கழற்றி மாட்டினேன். ஊசி போட்டுப் பார்க்கும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க அதை வெட்ட வேண்டியதில்லை, கனெக்டரைக் கழற்ற வேண்டியதில்லை. வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்பு ஒயர் முனையில் ஒரு தையல் ஊசியைப் பற்றவைத்துக்கொண்டு, ஒயரின் மேல்தோலில் குத்தினால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை ஊசி தொட்டுவிடும். மீட்டர் அளவைக் காட்டும். பிறகு ஊசியை உருவிவிட்டு டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. லாரி ஒயர் தடிமனானது. அதற்கு ஒன்றும் ஆகாது.

பிறகு கார் கம்பெனி ஷோரூமின் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். கார்கள் மாறின. என்ஜினில் எங்கு பார்த்தாலும் சென்சார் வந்தது. சூட்டைச் சொல்ல ஒன்று, காற்றைச் சொல்ல ஒன்று, என்ஜின் சுற்றுகிறதா என்று சொல்ல ஒன்று. எல்லாம் ஒரு சின்ன கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். ஒயர்கள் சேமியா போல மெலிந்துவிட்டன. சென்னையில் மூன்று நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். அங்கே தெளிவாகச் சொன்னார்கள்: ஒயரைக் குத்தக் கூடாது, கனெக்டரின் பின்பக்க இடைவெளியில் மெல்லிய முள்ளை நுழைத்துத்தான் அளக்க வேண்டும். கேட்டுக்கொண்டேன். ஆனால் அது கை நிதானம் இல்லாதவர்களுக்குச் சொல்வது என்று மனதுக்குள் நினைத்தேன். ஊருக்கு வந்ததும் இன்னும் மெல்லிய ஊசியாகப் பார்த்து வாங்கி மீட்டரில் பற்றவைத்தேன். மற்றவர்கள் அரை மணி நேரம் எடுக்கிற வேலையை நான் ஐந்து நிமிடத்தில் முடிப்பேன். "சேகரண்ணே கையி" என்று ஷெட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஒர்க்ஷாப் மேனேஜர் பிலோமினா மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு வந்தவர். ஷெட்டுக்குள் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. காலையில் எட்டே முக்காலுக்கு வந்து, முதல் நாள் முடிந்த வண்டிகளின் ஜாப் கார்டுகளை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே படிப்பார். "சென்சார் கோளாறு, மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தால் எழுதியவரைக் கூப்பிடுவார். "அளந்தீங்களா, நினைச்சீங்களா?" என்று கேட்பார். அளந்தேன் என்றால் எத்தனை வோல்ட் என்பார். நினைத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் வோல்ட் சொல்ல வராதவர்கள் திரும்பப் போய் அளந்துவிட்டு வருவார்கள். என்னை வழக்கமாக "சேகரண்ணே" என்று கூப்பிடுவார். விஷயம் பெரிது என்றால் மட்டும் "ஞானசேகரன்" என்று முழுப் பெயர் வரும்.

காதர் பாய் சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். ஆத்தூர் பக்கத்து விவசாயிகள், சின்னாளப்பட்டி நெசவாளர் வீடுகள் என்று அவருக்கு நிலையான ஆட்கள் உண்டு. மெதுவாக ஓட்டுவார் என்று பெயர் எடுத்தவர். ஒரு ஆனி மாதம், என்ஜின் லைட் எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர், கிராங்க் சென்சார் பக்கம் கோளாறு என்று காட்டியது. என்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அதுதான். அந்தச் சேதி வராவிட்டால் என்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு எரிபொருளை நிறுத்திவிடும். அதற்கு மூன்று ஒயர்கள். மூன்றையும் என் ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒயர் நன்றாக இருந்தது. கனெக்டர்தான் லூசாகி அழுக்கேறியிருந்தது. சுத்தம் செய்து இறுக்கி, டேப் சுற்றி அனுப்பினேன். "என்னண்ணே, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று பாய் ஆச்சரியப்பட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு அவர் திரும்ப வந்தார்.

"அண்ணே, வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சு போகுது. சாவியத் திருப்புனா உடனே ஸ்டார்ட் ஆகிருது."

ஸ்கேனர் போட்டேன். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. ஒரு மணி நேரம் ஷெட்டில் ஓடவிட்டேன். நிற்கவில்லை. "ஒண்ணுமில்ல பாய், டீசல்ல தண்ணி இருந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் ஸ்கேனர், மறுபடியும் ஒன்றுமில்லை. போகும்போது, "எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றார். "ஓட்டும்போது கியர சரியா மாத்துங்க" என்றேன். அப்படிச் சொன்னதை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தை மாதத்தில், சின்னாளப்பட்டியிலிருந்து சரஸ்வதி அம்மா என்ற நெசவாளரை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருக்கிறார் பாய். கல்யாண வீடு ஒன்றுக்குச் சேலைகள் கொண்டுபோகிற பயணம். நாலு வழிச் சாலையில் கொடைரோட்டுக்கு முன்னால் கார் திடீரென்று வேகம் இழந்து நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது. பாய்க்கு நெற்றியில் தையல். சரஸ்வதி அம்மாவுக்கு வலது கை முழங்கைக்கு மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

கார்க்காரர் போன் பேசுவதற்காக நடு ரோட்டில் பிரேக் போட்டார் என்று லாரி டிரைவர் சொன்னார். பின்னால் பைக்கில் வந்தவரும் அப்படித்தான் நினைத்தேன் என்றார். போலீஸார் பாயின் போனைப் பார்த்தபோது சரியாக அந்த நேரத்துக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. வண்டி தானாக நின்றது என்று பாய் மட்டும் சொன்னார். அதை உறுதி செய்ய, வண்டியை வழக்கமாகப் பார்க்கிற எங்கள் ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு குறிப்பு கேட்டார்கள். நான்தான் போனேன். பின்பக்கம் நசுங்கிய கார் ஸ்டேஷன் வளாகத்தில் நின்றது. ஸ்கேனர் மாட்டினேன், சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்தேன், பத்து நிமிடம் ஓடியது. "என்ஜினிலும் மின் இணைப்புகளிலும் குறை ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காதர் பாய் மேல் வழக்குப் போட்டார்கள். லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து கார் ஷெட்டுக்கு வந்தது. பின்பக்கத் தகர வேலையும் பெயிண்டும் முடிந்தன. ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். பகல் பதினோரு மணி. பைபாஸில் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

திடீரென்று ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்ஜின் இரையவில்லை, ஆட்டம் இல்லை, முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் வெறும் மிதி. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பின்னால் பஸ்ஸின் ஹாரன் என் முதுகுக்குள்ளேயே கேட்டது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுத்து மண் ரோட்டில் இறக்கினேன். பஸ் என் கதவை உரசுகிற தூரத்தில் போனது. கண்டக்டர் படியில் நின்றபடி ஏதோ திட்டினார். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது, ஒன்றுமே நடக்காதது போல.

நான் வண்டியை எடுக்கவில்லை. ஷெட்டுக்குப் போன் செய்து கட்டி இழுத்துப் போக ஆள் வரச் சொன்னேன். என்னுடைய கையெழுத்து கண் முன்னால் வந்து நின்றது. குறை ஏதுமில்லை.

நடந்ததைப் பிலோமினா மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தீங்களே, அப்ப அளந்தீங்களா?"

"ஸ்கேனர் போட்டேன் மேடம்."

"ஸ்கேனர் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லும். கம்ப்யூட்டர் என்ஜின் நின்னுருச்சுன்னு நினைச்சா அதுக்கு அது கோளாறே இல்ல. வேற வேலை எதையும் தொடாதீங்க. இந்த வண்டி மட்டும்."

முதல் நாள் முழுக்க முறையாக அளந்தேன். இந்த முறை ஊசி இல்லை, கனெக்டரின் பின்பக்கமாக முள். சென்சாருக்கு வர வேண்டிய ஐந்து வோல்ட் வந்தது. எர்த் சரியாக இருந்தது. என்ஜின் சுற்றும்போது மூன்றாவது ஒயரில் துடிப்பு ஒழுங்காக ஓடியது. கனெக்டரைக் கழற்றி, இந்த முனைக்கும் கம்ப்யூட்டர் முனைக்கும் இடையே ஒயரை அளந்தேன். தடை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் தாளில் எழுதி சாயங்காலம் மேடத்திடம் கொடுத்தேன்.

அவர் வரி வரியாகப் படித்தார். "வண்டி நின்னப்ப அளவு என்ன?"

"நின்னப்ப அளக்கல மேடம். ஷெட்டுல நிக்கவே மாட்டேங்குது."

"அப்ப இன்னைக்குப் பூரா நல்லா இருக்கிற வண்டியத்தான் அளந்திருக்கோம். நாளைக்கு அத நிக்க வைங்க."

மறுநாள் காலையிலேயே என்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கினேன். மீட்டரை மூன்றாவது ஒயரில் கனெக்டரின் பின்பக்கமாக மாட்டி, கண் பார்வையில் வைத்தேன். பிறகு சென்சாரிலிருந்து ஆரம்பித்து, ஒயர்க் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து அசைத்துக்கொண்டே மேலே போனேன். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைப் பீய்ச்சி மறுபடியும் அசைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரோட்டில் என்ஜின் இழுக்கும்போது முன்பக்கமாகச் சாயும், அப்போது ஒயர் இழுபடும் என்று தோன்றியது. அசைப்பதை விட்டுவிட்டு மெதுவாக இழுத்தேன். கனெக்டருக்கு மூன்று விரல் தள்ளிய இடத்தில் என் கை இருந்தபோது மீட்டரின் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. அதே நொடியில் என்ஜின் நின்றது.

கையை விட்டேன். சாவியைத் திருப்பினேன். ஓடியது. இழுத்தேன். நின்றது. எந்தக் கோளாறையும் மூன்று முறை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். மூன்று முறையும் நின்றது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒயர்க் கட்டின் மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரிப்பதற்காக நகத்தால் அதன் முனையைத் தேடினேன். முனை உடனே கிடைத்தது. ஏனென்றால் அது ஒரு நகம் அளவுக்கு உள்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

திண்டுக்கல்லில் அப்படி மடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். அடுத்த முறை பிரிக்க வசதியாக இருக்கும் என்று நானாகப் பழகிக்கொண்டது. ஷெட்டில் கேலிகூடச் செய்வார்கள்.

டேப்பைப் பிரித்தேன். மூன்று ஒயர்கள். மூன்றிலும் ஒரே வரிசையில், ஒரே சாய்வில், ஒவ்வொரு ஊசித் துளை. முதல் ஒயரில் துளையைச் சுற்றி லேசான கறுப்பு. நடு ஒயரும் அப்படித்தான். மூன்றாவது ஒயர் அந்த இடத்தில் கடுகளவு வீங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தபோது ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இருந்தால் ஒயர் நீளாது. தோலைக் கீறிப் பார்த்தேன். கம்பி இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. பொடியாக என் விரலில் ஒட்டியது. மழைக்காலம் முழுவதும் சக்கரம் அடித்த தண்ணீர் அந்தத் துளை வழியாகப் போய் உட்கார்ந்து செம்பைத் தின்றிருக்கிறது. நின்ற வண்டியில் முறிந்த இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இழுபட்டால் விலகும்.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்து நின்றேன் என்று தெரியாது. எனக்கு எதிரே டூல் தட்டில் கட்டர் இருந்தது. அந்த நான்கு விரல் நீள ஒயரை வெட்டிக் குப்பையில் போட்டு, புது ஒயர் வைத்துப் பற்றவைத்தால் பத்து நிமிடம். ஒயர் மாற்றப்பட்டது என்று எழுதலாம். யாரும் பக்கத்தில் இல்லை. கட்டரைக் கையில் எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எடுத்தேன். கை நகரவில்லை. அப்படியே போட்டுவிட்டு மேடத்தின் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"வாங்க மேடம். பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை என்ஜினுக்குள் நுழைத்துப் பார்த்தார். துளைகளைப் பார்த்தார். கழற்றி வைத்திருந்த டேப்பை எடுத்து அதன் மடிந்த முனையைத் தடவிப் பார்த்தார். முழுப் பெயர் வரும் என்று நின்றேன்.

"சேகரண்ணே, செத்த நேரம் உட்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். முழுப் பெயரைச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பிறகு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன். "ஒயரில் துளை ஏற்பட்டிருந்தது" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"துளை தானா ஏற்பட்டுச்சா?"

அடித்துவிட்டு, "ஒயரில் நான் ஊசியால் குத்தினேன்" என்று எழுதினேன். முன்பு நான் கொடுத்த குறிப்பு தவறானது என்றும் எழுதினேன். அந்த ஐந்து வார்த்தை எழுத ஐந்து நிமிடம் ஆனது.

முதலாளிக்கு விஷயம் போனது. அவர் போனில் பேசியதை மேடம் ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்க வேண்டும் என்று. "ஒயர் பழசாகி இத்துப் போச்சுன்னு எழுதினாப் போதாதாம்மா?" என்றார் முதலாளி.

"இத்துப்போன காரணத்தக் கேட்பாங்க சார்."

"கேட்டாப் பாத்துக்குவோம்."

"கோர்ட்ல ஒருத்தர் நிக்கிறாரு சார். எழுதினதத்தான் அனுப்பப் போறேன்."

அன்றே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து அவருக்குக் கரூர் கிளைக்கு மாற்றல் வந்தது. இதனால்தானா என்று நான் கேட்டதற்கு, "எங்க போனாலும் கார்தான அண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போவதற்கு முன் இன்னொரு வேலை செய்தார். பழைய ஜாப் கார்டுகளை எல்லாம் எடுத்து மேஜையில் அடுக்கி, "எந்தெந்த வண்டியில குத்துனீங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு அடுத்த அடி விழுந்தது. நான் அதுவரை காதர் பாய் வண்டியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக எத்தனை ஒயர்? கார்டைப் பார்க்கப் பார்க்க ஞாபகம் வந்தது, வராததும் இருந்தது. முடிந்தவரை எல்லாருக்கும் போன் செய்து வண்டியை வரவழைத்தோம். பெரும்பாலானவை நன்றாகத்தான் இருந்தன. சிலவற்றில் பச்சை ஆரம்பித்திருந்தது. ஆத்தூரிலிருந்து வந்த ஒரு ஸ்கூல் வேனில் கிராங்க் சென்சார் ஒயரைக் கீறினேன். இரண்டே இரண்டு இழை மிச்சம் இருந்தது. தலைமயிர் போல இரண்டு இழை. அந்த வேன் தினமும் ஆத்தூர் டேம் ரோட்டில் போய் வருகிறது. உள்ளே ஒரு சீட்டுக்கடியில் யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கிடந்தது.

எழுதிய தாளின் நகலோடு சித்தையன்கோட்டைக்குப் போனேன். காதர் பாய் ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இல்லாததால் அந்த வேலை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். நின்றுகொண்டே தாளை வாசித்தேன்.

"மறுக்கா வாசிங்கண்ணே" என்றார். மறுபடி வாசித்தேன். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "மும்தாஜ், இங்கிட்டு வா. இதக் கேளு."

மூன்றாவது முறை வாசித்தேன். வண்டி தானாக நின்றது, ஓட்டுநர் நிறுத்தவில்லை என்ற இடம் வந்தபோது அந்தப் பெண் என்னைத் தடுத்தார்.

"அப்ப இவுக போன எடுக்கலயா?"

"இல்லம்மா. வண்டிதான் நின்னுருக்கு."

"அன்னைக்குப் போன் பண்ணது நான்தாண்ணே" என்றார். "வரும்போது மருந்து வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு பண்ணேன். எம்போன எடுக்கப் போய்த்தான்..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காதர் பாய் திகைத்துப் போய் மனைவியைப் பார்த்தார். "இத்தன மாசமா இதயா நினைச்சுக்கிட்டு இருந்த? நான்தான் எடுக்கலன்னு சொன்னேன்ல?"

"எனக்காகப் பொய் சொல்றீகன்னு நினைச்சேன்."

ஒரு கை முறிந்தது எனக்குத் தெரியும். ஒருவருடைய வேலை போனது தெரியும். இந்த வீட்டுக்குள் ஒரு பெண் இத்தனை மாதமாக அடுப்படியில் இப்படி நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. எந்த மீட்டரிலும் அது வராது.

பாய் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "கோர்ட்டுக்கு வந்து இத அப்படியே சொல்லுங்கண்ணே. ஆனா வீட்டுக்கு இனிமே வராதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

சின்னாளப்பட்டிக்கும் போனேன். சரஸ்வதி அம்மாவின் கைக்குள் கம்பி வைத்திருந்தார்கள். தறியில் அவர் மகள் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை தறிச் சத்தம் இல்லை. சரஸ்வதி அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஊசியக் கொண்டாந்திருக்கீங்களா?"

மீட்டர் ஒயரிலிருந்து அதை அறுத்துச் சட்டைப் பையில் ஒரு காகிதத்தில் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டுதானா" என்றார். திரும்ப என் கையில் வைத்துவிட்டார். முறிந்த வலது கை அதற்குப் பிறகும் தோளுக்கு மேல் எழவில்லை. அவர் மறுபடி தறியில் உட்காரவில்லை.

நிலக்கோட்டை கோர்ட்டில் சாட்சி சொன்னேன். ஒயர்த் துண்டை நீதிபதி முன் வைத்தார்கள். பாயின் வக்கீல் கேட்டார், "இந்தத் துளை யார் போட்டது?"

"நான் போட்டதுங்க."

எதிர்ப்பக்க வக்கீல் எழுந்தார். "குறை ஏதுமில்லன்னு முன்னாடி எழுதிக் கொடுத்தது?"

"அதுவும் நான்தாங்க."

கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னார்கள். சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. காதர் பாய் மேல் குற்றம் இல்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. தீர்ப்பு அன்று நானும் போயிருந்தேன், பின்வரிசையில் நின்றேன். எல்லாரும் கலைந்த பிறகு பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கும்போது பாயின் வெள்ளைக் கார் என் முன்னால் வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே" என்றார் காதர் பாய். "திண்டுக்கல்தான போறீங்க."

மறுக்க முடியவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தேன். பாய் கொடைரோடு வந்து நாலு வழிச் சாலையில் ஏறினார். கண்ணாடியில் ஒரு லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த ஒயரை மாற்றிப் பற்றவைத்தது நான்தான். மூன்று முறை சோதித்து, மேடம் நான்காவது முறை சோதித்துத்தான் கொடுத்தோம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் இரண்டு கையும் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. என் காது என்ஜின் சத்தத்தை விட்டு நகரவில்லை. அது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பாய் ஒரு முறை என் கைகளைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"பயமா இருக்காண்ணே?"

"ஆமா பாய்."

"எனக்கு டெய்லி இருக்கு" என்றார்.